ராத்தாவின் வயலும் மச்சானின் பெட்டியும்

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் பெண் எங்கும் போவதில்லை. ஆண்தான் போகிறான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, இயலுமானவர்கள் வயலும் எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளையை அழைத்து வருவார்கள். அவன் தன் உம்மாவின் வீட்டிலிருந்து உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். கல்முனைப் பக்கத்தில் சோனக முஸ்லிம்களான நாங்களும் தமிழரும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். வெளியூர்களில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கொழும்பில் என்னோடு மூட்டை தூக்கிய ஒருவன், "அப்ப பொஞ்சாதியோட சண்டை பிடிச்சா என்ன செய்யிற?" என்று கேட்டான். ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும் என்றேன். அவன் அதை அன்று முழுவதும் கண்டவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

என் ராத்தாவை, மூத்த சகோதரியை, முடித்த மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். தவிட்டு நிறப் பெட்டி, இரண்டு பக்கமும் பித்தளைப் பூட்டு. வாசலில் இருந்து அதை உள்ளே தூக்கிப் போனவன் நான்தான். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். ராத்தா அலுமாரியில் பாதியை ஒதுக்கி வைத்திருந்தாள். மச்சான் அதில் ஒரு சட்டையைக்கூட வைக்கவில்லை. உடுப்பைப் பெட்டியில் இருந்து எடுப்பார். தோய்த்துக் காய்ந்ததும் மடித்துத் திரும்பப் பெட்டியில் வைப்பார். புதுமாப்பிள்ளையின் கூச்சம் என்று எல்லோரும் நினைத்தோம். வருஷங்கள் போயும் அவர் அப்படித்தான் செய்தார்.

மச்சானுக்கு அரிசி மில்லில் வேலை. நெல் அவிக்கிற பெரிய தொட்டிகளும் உமி எரிகிற உலையும் அவர் பொறுப்பு. காலையில் போனால் பொழுது சாயும்வரை அந்த வெக்கைக்குள்தான். அவர் படலையைத் திறக்க முதலே அவித்த நெல்லின் வாசம் வளவுக்குள் வந்துவிடும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் பட்டால் எனக்கு அந்த வீடும் கிணற்றடியும் உம்மாவின் குரலும் ஒன்றாக வந்து நிற்கும்.

வாப்பா அப்போது உயிரோடு இல்லை, மவுத்தாகி இருந்தார். வீட்டை ராத்தாவுக்குக் கொடுத்தபின் உம்மா பின்வளவில் ஓலை போட்ட சின்னக் குடிலில் இருந்தார். மாப்பிள்ளையோடு நேரே கதைக்க மாட்டார். மச்சான் நாலு முழம் தள்ளி இருந்தாலும், கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்புளைக்கு இன்னும் சோறு வேணுமா எண்டு கேளுகா புள்ள" என்று ராத்தாவிடம் கத்துவார். ராத்தா கேட்கத் தேவையில்லை. மச்சான், "போதும் எண்டு செல்லுகா" என்பார். மீன் தலை எப்போதும் அவருக்குத்தான். நான் வீட்டில் இருந்தால் எனக்கு வால்.

நான் அதிகம் வீட்டில் இருந்ததில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கும், நான் பள்ளிக்கூடத்துக்கும் அலுத்துப் போனோம். அட்டாளைச்சேனையில் ஒரு மேசனுக்குச் சீமெந்து குழைத்தேன். விநாயகபுரத்தில் ஒரு பருவம் கரைவலை இழுத்தேன். பிறகு லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போய் மூட்டை தூக்கினேன். அங்கேதான் சிங்களம் படித்தேன். பசியில் படிக்கிற பாஷை மறப்பதில்லை.

ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ராத்தாவின் வயிற்றைத்தான் சனம் பார்த்தது. அவளும் அதைத் தெரிந்துகொண்டு முந்தானையை இழுத்துவிட்டபடிதான் திரிந்தாள். வெளியூர்களில் ஆண்பிள்ளை வேண்டும் என்று அழுவார்கள். எங்களுக்குப் பெண்பிள்ளைதான் முதலில் வேண்டும். வீட்டை யாருக்குக் கொடுப்பது? பெண்பிள்ளை இல்லாத வீட்டை, எண்ணெய் இல்லாத விளக்கு என்று உம்மா சொல்லுவார். ராத்தாவுக்குக் கேட்காமல்தான் சொல்லுவார். ஆனால் அவளுக்குக் கேட்கும்.

முதலில் செய்த வைத்தியங்களுக்கு அதிகம் செலவில்லை. லெப்பை ஓதி ஊதிய தண்ணீர். பாண்டிருப்பில் ஒரு பரிகாரி காய்ச்சிக் கொடுத்த எண்ணெய். அதன் நாற்றத்தில் பூனைகூட அடுப்படிக்கு வராது. கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு நேர்ச்சை வைத்து, ராத்தா மூன்று வருஷம் கற்கண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடி ஏறும்போது காற்றில் அது விரிகிற கணத்தில் கேட்டால் கிடைக்கும் என்பார்கள். அவள் கண்ணை மூடாமல் அண்ணாந்தபடியே நிற்பாள். கழுத்து நோகும் என்று மச்சான் பின்னால் நின்று முணுமுணுப்பார்.

பிறகு ஊர் டொக்டர். அவர் கொழும்பில் ஒரு பெண் டொக்டருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்போதுதான் செலவு தொடங்கியது.

அந்த நாளில் இப்படியான வைத்தியத்துக்கு என்ன செலவாகும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. டொக்டருக்கு ஒரு காசு, மருந்துக்கு ஒரு காசு என்றுதான் நினைத்தார்கள். விடிய முதல் சுபஹு தொழுதுவிட்டு பஸ் ஏறி, மகா ஓயா தாண்டி, கண்டி தாண்டிக் கொழும்புக்குப் போய்ச் சேர ஒரு பகல் போகும். மருதானையில் அறை எடுக்க வேண்டும். இரத்தம் எடுத்தால் அது ஒரு காசு. அதன் முடிவுக்காக அடுத்த நாளும் அறை. கர்ப்பக் குழாய்க்குள் மருந்து ஏற்றி எக்ஸ்ரே படம் பிடிக்க வேறொரு இடம், அங்கே ஒரு காசு. படத்தைப் பார்த்துச் சொல்ல மறுபடி டொக்டருக்கு. மாசத்துக்கு மாசம் விழுங்கக் குளிசை. அதோடு மச்சான் மில்லுக்குப் போகாத நாளின் கூலி.

உம்மாவுக்கு ரூபாய்க் கணக்கு ஏறாது. எல்லாவற்றையும் நெல்லில் போட்டுப் பார்ப்பார்.

"படம் புடிக்க எத்தின மூட்டகா போச்சி?"

ராத்தா சொல்லுவாள்.

"இவ்வளவு மூட்டைக்கு என்னத்தகா படத்தில காட்டின? மூஞ்சி தெரியிதா?"

"உள்ளுக்குப் புடிக்கிற படம் உம்மா. மூஞ்சி தெரியாது."

"மூஞ்சியும் தெரியாத படத்துக்கா?"

நற்பிட்டிமுனைக்கு மேற்கே வாப்பா ராத்தாவுக்கு எழுதிக் கொடுத்த வயல் இருந்தது. முதலில் அதில் ஒரு துண்டை ஈடு வைத்தார்கள். மீட்க முடியவில்லை. பிறகு அந்தத் துண்டையும் சேர்த்து வயலின் பாதியையே அறுதியாக விற்றார்கள். வாங்கியவர் நல்ல மனிதர். புது வரம்பு கட்டும்போது எங்களை நிற்க வைத்துத்தான் கட்டினார். ராத்தா குடையைப் பிடித்துக்கொண்டு வரம்பு நெடுகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மண்வெட்டிக்காரனிடம், "நேராக் கட்டுங்க தம்பி, கோணலா இருந்தா பாக்க வடிவில்ல" என்று மட்டும் சொன்னாள்.

வயல் குறைந்தபிறகுதான் மச்சானின் உம்மாவையும் அவருடைய அண்ணனான மூத்த காக்காவையும் அழைத்துச் செலவைப் பற்றிக் கதைத்தார்கள். நானும் அன்று வீட்டில் இருந்தேன். தேநீர் கொடுத்து, கதை சுற்றி வளைத்து, உம்மா விஷயத்துக்கு வந்தார்.

"மச்சி, ஒங்கட பக்கத்தாலயும் கொஞ்சம் புடிச்சா என்ன? ரெண்டு பேருக்கும் பொறக்கப்போற புள்ளதானே."

மச்சானின் உம்மா வெற்றிலையை மெதுவாக மடித்தார். "எங்கட புள்ளைய ஒங்களுக்குத் தந்திட்டம் மச்சி. அவன் இப்ப உங்கட ஊட்டு மனிசன். மறுகா, பொறக்கிற புள்ள எந்தக் குடி?"

எங்கள் வம்சப் பேரான குடி உம்மாவின் வழியில்தான் வரும். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மரைக்காயர் எடுப்பதுகூட எங்கள் ஊரில் குடிப்படிதான். ராத்தாவுக்குப் பிறக்கிற பிள்ளை எங்கள் குடி. மச்சானின் குடிக்கு அந்தப் பிள்ளையால் ஒரு தலை கூடப் போவதில்லை.

"ஒங்கட குடிக்கு ஆள் சேக்கிறத்துக்கு நாங்க ஏன் காசு குடுக்கிற?" என்றார் மச்சானின் உம்மா.

"வாப்பாட பேரத்தானே புள்ளைக்கு முன்னால போடுற?" என்றார் உம்மா.

மூத்த காக்கா சிரித்தார். "பேரு போடுறத்துக்குக் காசு முடியிறல்ல மாமி. தாராளமாப் போடுங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு செலவு முழுக்க ராத்தாவின் வயலின் மேல் விழுந்தது. மச்சான் முற்றத்தில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அன்று யாரும் அதை யோசிக்கவில்லை. செலவு பெண் வீட்டாருடையது என்றானபின், வைத்தியமும் பெண்ணுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளையைப் போய்ச் சோதித்துப் பாருங்கள் என்று பெண் வீட்டார் எப்படிச் சொல்வது? மீன் தலையை எடுத்து வைக்கிற கை அப்படி ஒரு விஷயத்தை நீட்டுமா? உம்மாவுக்கு அந்த எண்ணமே வந்திருக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தடவை நான் ஊரில் நின்றபோது, ராத்தா என்னையும் கொழும்புக்குக் கூப்பிட்டாள். டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிற தாதி வேலையை விட்டுப் போய்விட்டாளாம். சிங்களம் தெரிந்தவன் வேண்டும். இந்த முறை ஒப்பரேஷன் பற்றி முடிவாகச் சொல்வார்களாம். ஒப்பரேஷன் என்றால் மிச்சப் பாதி வயலும் போகும். அது எங்களுக்குத் தெரிந்தே போனோம்.

அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். மூன்று பேரும் ஒரே சீட். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல், பாரைமீன் பொரியல், அவித்த முட்டை. மலையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது ராத்தாவுக்குத் தலை சுற்றும். மச்சான் தோடம்பழத் தோலைக் கசக்கி அவள் மூக்கருகில் பிடிப்பார். "உன்ட ராத்தாவுக்கு இந்த மலையில மட்டும்தான் என்ட தோள் வேணும் மச்சான்" என்று என்னிடம் சொல்லுவார். அவள் கண்ணை மூடியபடியே அவர் தொடையில் கிள்ளுவாள். பிள்ளைக்காக அலைந்த அந்த ரோட்டில்தான் அவர்கள் இளமையாக இருந்தார்கள் என்று எனக்குப் படுகிறது. வீட்டில் உம்மாவின் காதுக்கு முன்னால் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

டொக்டரின் இடத்துக்கு முன்னால் ஒரு வாகை மரம். மச்சான் வழக்கம்போல அதன் அடியில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் ராத்தாவோடு உள்ளே போனேன்.

டொக்டர் நோனா வயதான மனுஷி. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்து சிங்களத்தில் கேட்டார்.

"அப்பாடா, ஒருவழியாக வந்துவிட்டீர்களே. எப்போது வந்தீர்கள்?"

"இப்பத்தான்" என்றேன். மரத்தடியைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அங்கே சூடு அதிகமா?"

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தரம் உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த லீவில் வந்தால் முதலில் உங்களைக் கூட்டி வரச் சொல்லி. சவூதியில் எந்த ஊர்?"

சவூதியில் இருக்கிற ஆள் வெளியே வாகை மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். "நான் இவட தம்பி" என்றேன்.

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாக, நான் மொழிபெயர்க்க வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ராத்தாவின் சோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. படத்தில் ஒரு பக்கக் குழாயில் மட்டும் சின்னச் சந்தேகம். வேண்டுமானால் வயிற்றைத் திறந்து பார்க்கலாம். ஆனால் புருஷனைச் சோதிக்காமல் அவளைக் கத்தியில் போடத் தனக்கு விருப்பமில்லை.

மூட்டை தூக்குகிறவனின் புத்தியில் நான் கேட்டேன், "ஒப்பரேஷனுக்கு எல்லாமாக எவ்வளவு முடியும்?"

"என் கூலியை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும், தம்பி. தியேட்டர், மயக்க மருந்து, அறை, இரத்தம், அதற்குப் பிறகு மருந்து எல்லாம் வேறு. அவ்வளவும் கட்டிய பிறகும் பிள்ளை வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"மச்சான்ட சோதனைக்கு?"

அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் மூன்று பேரும் மருதானையில் ஒரு நேரம் வயிறு நிறையச் சாப்பிட்டால் அதைவிடக் கொஞ்சம் கூடச் செலவாகும்.

பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனோம். அது அவர்களுடைய வழக்கம். டொக்டர் என்ன சொன்னாலும் கடலைப் பார்த்துவிட்டுத்தான் அறைக்குப் போவார்கள். சொந்த ஊரில் வேலியைத் தாண்டினால் கடல். அதை ராத்தா போய்ப் பார்ப்பதில்லை. மச்சான் இறால் பதித்த இஸ்ஸோ வடை வாங்கப் போனார். அவர் தூரப் போனதும், "ஏன் பொய் செல்லின?" என்று கேட்டேன்.

"மொத நாள் டொக்டர் அவரக் கூப்பிட்டா. வாசல் வரைக்கும் வந்தார். திரும்பிப் போயிட்டார். அதான் நான் சவூதி எண்டன்."

"பாதி வயல் போயிற்றே ராத்தா."

"போனாப் போகட்டும்." முக்காட்டைக் காற்று இழுத்தது. அவள் அதைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். "கொற என்னில எண்டா நான் எங்க போறது? என்ட ஊட்டிலதான் இரிப்பன். அவரில எண்டு வந்தா அவர் பெட்டியத் தூக்கிருவார். ஒருத்தரும் போகச் செல்லத் தேவல்ல. அவராவே போயிருவார். எனக்குத் தெரியும்."

"அவர் ஒனக்கிட்ட அப்பிடிச் செல்லினாரா?"

"அலுமாரியில அவர்ட பக்கத்தப் பாத்தியா?"

மச்சான் வடையோடு வந்துவிட்டார். பெரியதாக ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். எனக்கு இறால் உதிர்ந்துபோன ஒன்று கிடைத்தது.

ஊருக்கு வந்த பிறகு நான் மில்லுக்குப் போனேன். மச்சான்மாருக்குள் எதையும் பகடியாகக் கதைக்கலாம். அது எங்களுக்குள்ள உரிமை. தொட்டிக்குப் பக்கத்தில் வெறும் மேலோடு, ஆவிக்குள் நின்றுகொண்டிருந்தார். "சவூதி சூடு எப்பிடி மச்சான்?" என்றேன்.

அவர் விளங்கிக்கொண்டார். சிரிக்க முயன்றார். உமியை உலைக்குள் தள்ளினார். பிறகு என்னைப் பாராமல் கதைத்தார்.

"எங்கட உம்மாட ஊட்ட நானும் காக்காவும்தான் கட்டின. மூணு வருசம் சூளையில நிண்டு கல் அறுத்தம். அது தங்கச்சிக்குக் குடுத்தாச்சு. அங்க இப்ப தங்கச்சிட மாப்புள இரிக்கான், உனக்கு நான் இரிக்கிறாப்போல. நான் போனா ஒரு நேரம் சோறு தருவாங்க. ரெண்டாம் நாள் ஏன் வந்த எண்டு கேப்பாங்க."

"உங்கள யாரு போகச் செல்றது?"

"ஒருத்தரும் செல்ல மாட்டாங்க. உன்ட உம்மா மீன் தலைய வைப்பா. அதத்தான் என்னால தின்னேலாது." இன்னும் கொஞ்சம் உமியை உலைக்குள் தள்ளினார். "தலைக்கு மேல ஒரு கூரை, என்ட எண்டு இரிந்திச்சி எண்டா, எந்த டொக்டருக்கும் முன்னால போய் நிப்பன் மச்சான். ஒளிச்சு நிக்கிறத்துக்கு எனக்கு என்ன ஆசையா?"

அன்றே அதை ராத்தாவிடம் சொன்னேன். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து, உலையில் போட்டு, மூடியால் மூடிவிட்டு, "ஊடு காணி எழுதுற நொத்தாரிசு எத்தின மணி வரைக்கும் இரிப்பார்?" என்று கேட்டாள்.

வீட்டில் பாதியை மச்சானின் பேருக்கு எழுதப் போகிறாள் என்று தெரிந்ததும் உம்மா கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். மச்சான் உள்ளே இருந்தார். அவருக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகக் கேட்டார்.

"ஆம்புளைக்கு ஊடெழுதின கதைய இந்த ஊரில யாரும் கேட்டிருக்கியா புள்ள? ஒன்ட வாப்பா எனக்கிட்ட இரிந்தது எத்தின வருசம்? ஒரு ஓட்டுத் துண்டு அவர்ட பேரில இரிந்திச்சா?"

ராத்தா சொன்னாள், "வயலக் கொழும்புக்குக் குடுத்தன், நீங்க ஒண்டும் செல்லல்ல. ஊட்டில பாதிய என்ட மாப்புளைக்குக் குடுத்தா மட்டும் என்ன உம்மா?"

"அது வைத்தியத்துக்குக் குடுத்த."

"இதுவும் வைத்தியம்தான்."

உம்மா இரண்டு நாள் எங்கள் அடுப்படிப் பக்கம் வரவில்லை. ஊரும் சும்மா இருக்கவில்லை. தேநீர்க் கடையில் மச்சானைக் கண்டால், "ஊடு பொண்ணுக்குத்தானே எழுதுற, இப்ப இவர்தான் பொண்ணு போல" என்பார்கள். மச்சான் அதற்கும் சிரித்தார். நொத்தாரிசு உறுதிப் பத்திரத்தில் ஒப்பம் வாங்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ராத்தாவை ஒரு முறை பார்த்தாராம். "தங்கச்சி விளங்கித்தான் செய்றீங்களா?" "ஓம்" என்றாளாம். அவ்வளவுதான் கதை.

அடுத்த பயணத்தில் மச்சான் வாகை மரத்தடியில் நிற்கவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு போத்தலைக் கொடுத்து உள்ளே ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது தொட்டிக்குள் இறங்கி வந்தவர் போல வேர்த்திருந்தார். "இந்த வேலைக்கு மூட்டை தூக்கலாம் மச்சான்" என்று என் காதில் சொன்னார்.

முடிவு வந்தபோது நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. குறை அவரில்தான். பெரிய குறை என்றும் இல்லை, சின்னது என்றும் இல்லை. வருஷக் கணக்காக உலை வெக்கையில் நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வேலையை விட்டுப் பாருங்கள் என்றார் டொக்டர். சில மாசத்துக்குக் குளிசை. ராத்தாவை வெட்டத் தேவையில்லை. நான் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் சொல்லாமல், டொக்டரிடம் குளிசையின் விலையை விசாரித்தேன். மச்சான் என் தோளில் கையை வைத்தார். "செல்லு மச்சான். பாரத்த இறக்கு" என்றார். சொன்னேன்.

வெளியே வந்து மரத்தைக் கடக்கும்போது ராத்தா அவருடைய கையைப் பிடித்திருந்தாள். நடுத்தெருவில், பகலில். எங்கள் ஊரில் அப்படிப் பிடித்து நான் கண்டதில்லை. அன்றைக்கும் கடலுக்குப் போனோம். வடையும் தின்றோம்.

வீட்டுக்கு வந்ததும் ராத்தா உம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். நான் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழும்பி அடுப்படிக்குப் போனார். பகல் சோற்றுக்கு மீன் தலை வழக்கம்போல மச்சானின் சோற்றுக் கோப்பையில்தான் இருந்தது. மச்சான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கண், செவுள், மூளை ஒன்றும் மிச்சம் வைக்காமல் உறிஞ்சித் தின்றார்.

மச்சான் மில்லை விட்டார். மிஞ்சிய பாதி வயலைக் குத்தகைக்காரனிடம் இருந்து வாங்கித் தானே செய்தார். பழக்கமில்லாத வேலை. முதல் போகத்தில் பாதி பதர். பக்கத்து வயல்காரர் வரம்பில் நின்று, "நெல்ல அவிக்கத் தெரிஞ்சவனுக்கு விதைக்கத் தெரியல்லையே" என்று பகடி பண்ணுவார். அடுத்த போகத்தில் திருந்திவிட்டார்.

பிள்ளை பிறக்கவில்லை. ஒரு தடவை ராத்தாவுக்குத் தள்ளிப் போனது. அந்த நாட்களில் அவள் பாயில் இருந்து எழும்புவதையும் உட்காருவதையும் மச்சான் கண்ணால் தாங்கிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு காலையில் அவள் கிணற்றடியில் நெடுநேரம் குளித்தாள். நாங்கள் விளங்கிக்கொண்டோம். எண்பதுகளின் நடுவில் யுத்தத்தால் பாதைகள் கெட்டுப் போயின. இடையிடையே பஸ்ஸை மறித்தார்கள். சில மாசங்கள் பஸ்ஸே ஓடவில்லை. கொழும்புப் பயணம் அதோடு நின்றது. டொக்டர் நோனாவும் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

செலவைப் பற்றி நான் இப்போது யோசிக்கும்போது உம்மாவின் நெல்லுக் கணக்கு ஞாபகம் வருகிறது. பாதி வயல் கொடுத்து ராத்தாவுக்கு ஒன்றும் இல்லை என்று அறிந்துகொண்டார்கள். பாதி வீடு கொடுத்து மச்சானுக்கு என்ன என்று அறிந்துகொண்டார்கள். முதலாவது நட்டம். இரண்டாவதை ராத்தா ஒருபோதும் நட்டம் என்று சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு வெளிநாட்டுக்கு விசா வந்தது. இம்முறை உண்மையாகவே சவூதி. வழியனுப்ப அயலட்டை எல்லாம் வந்து போனது. என்னிடம் ஒரு சாக்குப் பைதான் இருந்தது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனார். கட்டிலுக்கு அடியில் இருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார். ராத்தா அலுமாரியின் ஒரு பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தில் சேர்ந்திருந்த அவளுடைய சேலைகளை மற்றப் பக்கத்துக்குத் தள்ளினாள்.

"இவ்வளவு சாரன் எதுக்கு ஒங்களுக்கு?" என்றாள்.

"நீதானே பெருநாளுக்குப் பெருநாள் வாங்கித் தந்த."

அவர் வெறும் பெட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். "கொண்டு போ மச்சான். பூட்டு நல்லாத்தான் இரிக்கி."

"உங்களுக்கு?"

"எனக்கு என்னத்துக்கு?"

கதவுக்குப் பின்னால் இருந்து உம்மாவின் குரல் கேட்டது. "பூட்டத் தொறந்து மூடிப் பாத்துக் குடுக்கச் செல்லுகா மாப்புளைய. வழியில தொறந்துக்கும்."

"மூடிப் பாத்தாச்சு மாமி" என்றார் மச்சான், நேரே கதவைப் பார்த்து. அப்படிக் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உம்மாவும் நேரே அவரிடம், "அப்ப சரி மகன்" என்றார்.

அங்கே போய், எட்டுப் பேர் படுக்கிற ஓர் அறையில், பெட்டியைத் திறந்தேன். மில்லை விட்டுப் பல வருஷமாகியும் உட்பக்கத் துணியில் அவித்த நெல்லின் வாசம் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரன், கேரளத்து ஆள், மூக்கைச் சுளித்து, இது என்ன வாசம் என்று கேட்டான்.

"எங்கட மச்சான்ட வாசம்" என்றேன்.